ஜாக்கியின் மேல் நின்ற வழக்கு

வழக்குக்கு வருகிறவர்கள் முதலில் கதையைச் சொல்வார்கள். காகிதம் பிறகுதான் வரும். அந்த அம்மா நேர்மாறு. 2012 ஆகஸ்டில் ஒரு மாலை, பாளையங்கோட்டையில் என் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்ததும் மஞ்சள் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுல எழுதியிருக்கது சரியா சார்? அத மட்டும் சொல்லுங்க" என்றார். பக்கத்தில் அவருடைய கொழுந்தன். அவருக்குப் பின்னால், நாற்காலி இருந்தும் உட்காராமல், மீசை அரும்பிய ஒரு பையன்.

காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம் அது. கார் ஓடிக்கொண்டிருக்கவில்லை, இறந்தவர் அதை ஓட்டவும் இல்லை, வாகனத்தைச் சரியாகப் பராமரிக்காமல், மெக்கானிக் செய்ய வேண்டிய வேலையைத் தானே கவனக்குறைவாகச் செய்தபோது இறந்திருக்கிறார், ஆகவே தனிநபர் விபத்துக் காப்பீட்டுத் தொகை தருவதற்கில்லை. கடைசி வரியில் ஆழ்ந்த அனுதாபம்.

இறந்தவர் தென்காசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பள்ளி ஆசிரியர். 1998 மாடல் மாருதி 800 ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கி ஓட்டிவந்தார். ஆயில் மாற்றுவது, பிளக் துடைப்பது, பிரேக் பார்ப்பது எல்லாம் வீட்டு வாசலிலேயே. 2010 டிசம்பர், அரையாண்டு விடுமுறை. சைலன்சர் இணைப்பில் புகை கசிகிறது என்று காரை ஜாக்கியில் தூக்கிவிட்டு அடியில் போயிருக்கிறார். கார் இறங்கிவிட்டது. அக்கம்பக்கத்து ஆறேழு பேர் ஓடிவந்து கையாலேயே வண்டியைத் தூக்கியிருக்கிறார்கள். 108 வந்தபோது உயிர் இல்லை. மார்பு அழுத்தப்பட்டு மூச்சடைத்து இறந்ததாகப் பிரேதப் பரிசோதனை அறிக்கை சொன்னது. மாருதி 800 சின்ன வண்டிதான், 650 கிலோ அளவில். ஆனால் நெஞ்சு விரிந்து மூச்சை உள்ளே வாங்க இடம் கொடுக்காமலிருக்க, அதில் ஒரு மூலை எடை போதும்.

இந்த மாதிரி மரணத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதிலேயே பல குடும்பங்கள் தடுமாறும். கார் விபத்து என்றதும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் நினைவுக்கு வரும். அங்கே வாகனத்தால் பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்குத்தான் வழி. தன் காரே தன்மேல் விழுந்தவர் தனக்கே மூன்றாம் நபர் ஆக முடியாது. அவருக்கு மிஞ்சுவது, பாலிசியின் ஓர் ஓரத்தில் கிடக்கும் 'உரிமையாளர் – ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு'. அன்றைக்குக் காருக்கு அதன் பிரீமியம் ஆண்டுக்கு நூறு ரூபாய். தொகை 2 லட்சம். (2018-க்குப் பிறகுதான் அது 15 லட்சமானது.) பதிவுச் சான்று இறந்தவர் பெயரில் இருக்க வேண்டும், பாலிசி அவர் பெயரில் இருக்க வேண்டும், செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும். பழைய கார் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பெயர் மாற்றாமலே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். வாத்தியார் மூன்றையும் ஒழுங்காக வைத்திருந்தார். மறுப்புக் கடிதம் வந்து பதினாறு மாதம் ஆகியிருந்தது. நுகர்வோர் சட்டத்தில் இரண்டு வருடம் கெடு. எட்டு மாதம் மிச்சமிருந்தது.

"கேஸ் போடலாம்" என்றேன். அம்மா தலையசைத்தார். கொழுந்தன் மட்டும் கொஞ்சம் தயங்கி, "பையன் பேரு எதுலயும் வர வேண்டாம் சார். அவன் அன்னைக்கு டியூஷனுக்குப் போயிருந்தான்னு போட்டுருங்க" என்றார்.

பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றிரவு காவல் நிலையத்து நகல்களை விரித்துவைத்துப் படித்தேன். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-ஆம் பிரிவில், சந்தேக மரணம் என்று பதிவு. பார்வை மகஜரில் வரிசையாக எழுதியிருந்தார்கள்: மழையில் நனைந்த செம்மண் தரை, சாய்ந்து கிடந்த இரும்பு ஜாக்கி ஒன்று, நொறுங்கிய சிமெண்ட் ஹாலோ பிளாக் ஒன்று, முன்பக்க இடது சக்கரத்து நட்டில் மாட்டியபடி வீல் ஸ்பேனர் ஒன்று. மோட்டார் வாகன ஆய்வாளர், நம் ஊர்ப் பேச்சில் பிரேக் இன்ஸ்பெக்டர், தன் அறிக்கையில் கை பிரேக்கின் கேபிள் தளர்ந்து பிடிக்காமல் இருந்ததாகவும், வண்டி முதல் கியரில் கிடந்ததாகவும் குறித்திருந்தார்.

ஸ்பேனர் என்னை உறுத்தியது. அடியில் படுத்திருந்தவர் வெளியே இருக்கும் சக்கரத்து நட்டைத் திருக முடியாது. திருகியது யார்? எதிர்த்தரப்பின் புலனாய்வாளர் பக்கத்து வீட்டில் வாக்குமூலம் வாங்காமலா இருந்திருப்பார்? மறைத்துவைத்த உண்மையை எதிராளி எடுத்து நீட்டினால் வழக்கு அங்கேயே படுத்துவிடும். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. அந்தப் பையன் இருபது மாதமாக எதைச் சுமந்துகொண்டு நிற்கிறான் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் அவனைத் தனியாக வரச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டான். அப்பா உள்ளே போனார். "ஏல, சும்மா நிக்காத, அந்த வீல் நட்ட லூஸ் பண்ணி வையி, பிரேக்கையும் பாத்துருவோம்" என்றார். நட்டு இறுகியிருந்தது. ஸ்பேனரை மாட்டி அதன்மேல் ஏறி மிதித்தான். வண்டி அசைந்தது. அவ்வளவுதான்.

"நான் மிதிச்சதாலதானே சார்?"

சட்டத்தில் இதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவன் கேட்டது சட்டமில்லை. வண்ணாரப்பேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் உண்டு. அறுபதைத் தாண்டியவர், பாதி ஆயுளை வண்டிக்கு அடியில் கழித்தவர். "வா, போய்க் கேட்போம்" என்று பையனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அண்ணாச்சி மகஜர் நகலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். எதுவும் பேசவில்லை. பட்டறையில் நின்ற ஒரு மாருதி 800-ஐ சிமெண்ட் தரையில் சமமாக நிறுத்தினார். கை பிரேக்கை எடுத்துவிட்டார். முதல் கியரில் போட்டார். பின்சக்கரங்களுக்குப் பின்னால், ஒட்டி வைக்காமல், நாலு விரல் தள்ளி இரண்டு கட்டைகளை வைத்தார். முன்பக்க இடது சக்கரம் தரையை விட்டு எழும்பும் அளவுக்கு மட்டும் தூக்கினார். "தள்ளி நில்லுங்க ரெண்டு பேரும்" என்றவர், அந்தரத்தில் நின்ற சக்கரத்தில் ஸ்பேனரை மாட்டி மெல்ல அழுத்தினார்.

நட்டு கழலவில்லை. சக்கரம் சுற்றியது. அதோடு முழு வண்டியும் ஊர்ந்து பின்னால் போய்க் கட்டையில் முட்டி நின்றது. ஜாக்கி தலை சாய்ந்து நின்றது.

பையன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

அண்ணாச்சி விளக்கினார். இந்த வண்டிக்கு இழுவை முன்சக்கரங்களில். கியர் பிடிப்பதும் அவற்றைத்தான். கை பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. முன்னால் ஒரு சக்கரத்தை அந்தரத்தில் விட்டதுமே கியரின் பிடி போய்விடும். நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் ஒரு சக்கரத்தை ஒரு பக்கம் சுற்றினால் மறு சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுற்றிவிடும். நட்டைக் கழற்ற மிதித்த மிதி, தரையில் நின்ற வலது சக்கரத்தைப் பின்னால் உருட்டியது. தடுக்க வேண்டிய கை பிரேக் ஏற்கெனவே செத்துக் கிடந்தது.

"அப்போ நான் மிதிச்சதுதான்" என்றான் பையன்.

"மிதிச்சதுல வண்டி நகந்துச்சு, உண்மதான்" என்றார் அண்ணாச்சி. அவர் மழுப்பாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "ஆனா தம்பி, நகந்த வண்டி ஏன் விழணும்? அதக் கேளு."

அடுத்த அரைமணி நேரம் அவர் செய்து காட்டியதைத்தான் பிற்பாடு அப்படியே அவருடைய பிரமாண வாக்குமூலமாக எழுதினேன்.

வண்டியை இறக்கினார். முதலில் சக்கரம் தரையில் அழுந்தி நிற்கும்போதே நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தினார். "மிதிக்கதெல்லாம் இப்பவே மிதிச்சுக்கிடணும். தூக்கினப்புறம் விரலால கழத்துத மாதிரி இருக்கணும்." பிறகு பின்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டையை ஒட்டி வைத்துக் காலால் தட்டி இறுக்கினார். "நெல்லையப்பர் தேரு நிக்கும்போது கட்டை போடுதாங்கல்லா. அவ்வளவு பேரு வடத்தைப் பிடிச்சிருந்தும் கட்டை எதுக்கு?" மண் தரையாக இருந்தால் ஜாக்கியின் சின்னப் பாதம் புதைந்து சாயும், அடியில் அகலமான கெட்டிப் பலகை வேண்டும், மழை பெய்த மண்ணானால் அன்றைக்கு அந்த வேலையே வேண்டாம் என்றார். ஜாக்கியைக் கண்ட இடத்தில் வைக்கவில்லை. முன்சக்கரத்துக்குப் பின்னால், கதவுக்குக் கீழே மடிந்துவரும் தகட்டு விளிம்பில், கம்பெனியே குறித்துவைத்திருக்கும் இடத்தில் பொருத்தினார். வேறிடத்தில் வைத்தால் துருப்பிடித்த தகடு உள்ளே அமுங்கிவிடுமாம்.

தூக்கியபின், முக்காலி போன்ற இரும்பு ஸ்டாண்ட் இரண்டை எடுத்துவந்தார். பின்னைப் போட்டு உயரத்தைப் பூட்டி, இரண்டு பக்கமும் உறுதியான இடமாகப் பார்த்து நிறுத்தினார். ஜாக்கியை மெல்ல இறக்கி வண்டியின் எடை முழுவதையும் ஸ்டாண்டுகளில் உட்காரவைத்தார். கழற்றிய சக்கரத்தை விளிம்புக்கு அடியில் படுக்கப் போட்டார். எல்லாம் தப்பினாலும் அந்த ஒரு சாண் இடைவெளி உயிருக்கு. கடைசியாக எழுந்து நின்று, இடுப்பால் வண்டியை நன்றாக மூன்று தடவை இடித்தார். வண்டி சிணுங்கக்கூட இல்லை.

"விழுததா இருந்தா நான் வெளிய நிக்கும்போதே விழட்டும்" என்றார்.

நொறுங்கிய ஹாலோ பிளாக்கைப் பற்றிக் கேட்டேன். கல் எல்லா இடத்திலும் சமமாகப் பாரம் விழுந்தால் தாங்கும். கார் விளிம்பு கத்திபோல ஒரே கோட்டில் அழுத்தினால், முனகாமல், முன்கூட்டிச் சொல்லாமல் பொடியாகும். இரும்பானால் வளையும், கட்டையானால் கிறீச்சிடும். கல் மட்டும்தான் கடைசி நொடி வரை நல்ல பிள்ளையாக இருக்கும். ஆயில் ஜாக்கியானால் நிற்குமா என்றேன். அதிலும் சீல் கசிந்தால் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கும் என்றார்.

"வக்கீல் சார், ஜாக்கிக்குத் தூக்கத்தான் தெரியும், தாங்கத் தெரியாது. ஸ்டாண்டுக்குத் தாங்கத்தான் தெரியும், தூக்கத் தெரியாது. இவன் வேலைய அவன்கிட்ட குடுத்தா ஆளத் தின்னுரும்." பிறகு பையன் பக்கம் திரும்பினார். "எங்க பட்டறையில ஸ்டாண்டுல உக்காந்த வண்டி ஒரு மிதிக்கெல்லாம் விழாது. கீழ ஆளு பாட்டுக்கு வேல செய்வான். உங்கப்பாவும் விவரமானவருதான். ரெண்டு ஸ்டாண்டு வாங்காம விட்டுட்டாரு. ஒன் காலுக்கு அவ்வளவு பலமெல்லாம் கிடையாது தம்பி."

வண்டியில் திரும்பும்போது அவன் எதுவும் பேசவில்லை. வண்ணாரப்பேட்டை முக்கு தாண்டியதும், "என் பேரப் போட்டே எழுதுங்க சார்" என்றான்.

அப்படியே எழுதினேன். கொழுந்தனுக்கு வருத்தம்தான். அம்மா மட்டும் மகனின் வாக்குமூலத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "சரி" என்றார்.

நுகர்வோர் மன்றம் என்றுதான் அப்போது பெயர். 2019 சட்டம் வந்தபின் ஆணையம் ஆகிவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் என் நண்பர், கெட்டிக்காரர். நான் எதிர்பார்த்தபடியே அவர் கையில் பக்கத்து வீட்டுக்காரர் வாக்குமூலம் இருந்தது. பையன் அங்கிருந்ததை நாங்களே முதல் பக்கத்தில் சொல்லியிருந்ததால் அதை அவர் பிரிக்கவே இல்லை.

அவர் வாதம் இரண்டு கால்களில் நின்றது. முதலாவது, உரிமையாளர் – ஓட்டுநர் என்றாலே ஓட்டும்போது என்றுதான் பொருள். நிறுத்திவைத்த காரின் அடியில் படுத்திருந்தவர் ஓட்டுநர் ஆகமாட்டார். இரண்டாவது, வாகனத்தை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. கை பிரேக் பிடிக்காத வண்டி அந்த நிபந்தனையை மீறியது.

நான் பாலிசியின் அந்தப் பிரிவை மட்டும் வாசித்தேன். காப்பீடு செய்த வாகனத்துடன் நேரடித் தொடர்பில், அல்லது அதில் ஏறும்போது, இறங்கும்போது, இணை ஓட்டுநராகப் பயணிக்கும்போது ஏற்படும் விபத்துக் காயம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. முப்பது வருட வக்கீல் தொழிலில் நான் அதிகம் நம்பியிருப்பது பெரிய தீர்ப்புகளை விடச் சின்னச் சொற்களைத்தான். இங்கே அந்தச் சொல் 'அல்லது'. ஏறுவதும் இறங்குவதும் பயணிப்பதும் மட்டும் போதுமென்றால், அதற்கு முன்னால் 'நேரடித் தொடர்பில்' என்று எழுதி ஓர் 'அல்லது' போட வேண்டிய அவசியம் என்ன? எழுதியது நிறுவனம். எழுதியதில் இரண்டு பொருள் வருமானால், எழுதியவருக்கு எதிராகத்தான் கொள்ள வேண்டும். கூடவே உச்ச நீதிமன்றத்தின் 1991 தீர்ப்பையும் வைத்தேன். மகாராஷ்டிர நெடுஞ்சாலையில் கவிழ்ந்து, சில மணி நேரம் அசையாமல் கிடந்த பெட்ரோல் டேங்கர் வெடித்துப் பலர் இறந்த வழக்கு அது. ஓடாமல் கிடந்தாலும் அது வாகனத்தின் 'பயன்பாடு' தான் என்று நீதிமன்றம் விரித்துப் பொருள் சொன்னது. அது மூன்றாம் நபர் இழப்பீட்டுச் சட்டம், இது ஒப்பந்தம் என்று நண்பர் சொன்னார். சொன்னது நியாயம்தான். பாதை காட்ட மட்டுமே வைத்தேன் என்றேன்.

இரண்டாவது வாதத்துக்கு அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. "வண்டியைப் பராமரிக்க வேண்டும் என்கிறார்கள். இவர் பராமரித்துக்கொண்டிருந்தபோதுதான் இறந்தார். பிரேக்கையும் சேர்த்து அன்றைக்குப் பார்ப்பதாகத்தான் மகனிடம் சொல்லியிருக்கிறார்" என்றேன். கவனக்குறைவைப் பற்றியும் ஒன்று சொன்னேன். தற்கொலை, தானே வருவித்துக்கொண்ட காயம், மது, போதை, உடற்குறை என்று விலக்குகளின் பட்டியல் பாலிசியில் இருக்கிறது. கவனக்குறைவு அந்தப் பட்டியலில் இல்லை. இருக்கவும் முடியாது. கவனமாக இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் பணம் என்றால் விபத்துக் காப்பீடு என்ற சரக்கையே விற்க முடியாது.

பெண் உறுப்பினர் அதுவரை குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து எதிர்த்தரப்பைப் பார்த்து, "நெஞ்சின் மேலேயே கார் இருந்திருக்கிறது. இதைவிட நேரடித் தொடர்பு எப்படி இருக்கும்?" என்று கேட்டார். நண்பர் உட்கார்ந்துவிட்டார்.

2013-இல் உத்தரவு வந்தது. 2 லட்சமும் வட்டியும், மனவுளைச்சலுக்கும் செலவுக்கும் கொஞ்சம். முப்பது நாள் மேல்முறையீட்டுக் கெடு தாண்டியது, அவர்கள் போகவில்லை. காசோலையை வாங்கிக்கொண்ட அம்மா, முதல் நாள் கேட்ட அதே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டார். "அப்போ அந்தக் கடுதாசில எழுதியிருந்தது தப்புதானே சார்?" தப்புதான் என்றேன். இரண்டு வருடமாக ஊரில் யாரோ 'அவரு கவனமில்லாம செத்தாரு' என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அந்தப் பதில் காசோலையைவிட வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

காவல் நிலையம் திருப்பிக் கொடுத்த ஜாக்கியைச் சான்றுப் பொருளாகக் காட்டலாம் என்று அம்மா என்னிடம் கொண்டுவந்து கொடுத்திருந்தார். மன்றத்தில் அதற்கு வேலை வரவில்லை. வழக்கு முடிந்தபின் எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, "வீட்டுக்கு வேண்டாம் சார்" என்றார். என் பீரோவின் கீழ்த்தட்டில் பழைய கட்டுகளுக்குப் பக்கத்தில் அது கிடந்தது.

ஐந்தாறு வருடம் கழித்துப் பையன் வந்தான். டிப்ளமோ முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். வந்த காரியம் அம்மாவின் ஓய்வூதியத் தாள் ஒன்று. பேசி முடித்து எழுந்தவன், "அந்த ஜாக்கி இருக்கா சார்?" என்றான்.

எடுத்துக் கொடுத்தேன். தரையில் வைத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, திருகைக் கையால் சுற்றினான். இரண்டு கைகளும் விரிந்து, தலை மேலே வந்தது. எங்கும் வளைவில்லை, மரை தேயவில்லை. மறுபடி இறக்கினான். மறுபடி ஏற்றினான்.

"நல்லாத்தான் சார் இருக்கு" என்றான்.

"அதுமேல அன்னைக்கும் குறையில்ல" என்றேன்.

முழுக்க மடித்து, இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தான். கையில் ஒட்டிய துருவைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, அம்மாவின் தாள்களை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.